பற்றரியும் புதிது, பிளக்கும் புதிது: வழியில் நிற்கும் ஒரு விராகோ 250

முறைப்பாடு சிறியது. ஒரு பழைய மோட்டார் சைக்கிள்; தூர ஓட்டத்தில் அதன் எஞ்சின் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி பிடிக்கிறது. ஊருக்குள் இந்த நோய் தலைகாட்டுவதே இல்லை. திருகோணமலையில் உப்புவெளியிலிருந்து அநுராதபுரச் சந்தி, அங்கிருந்து டொக்யார்ட் வீதி, திரும்ப வீடு என்று நாள் முழுக்க ஓடினாலும் ஒரு தும்மல் கிடையாது. கந்தளாயைத் தாண்டி ஹபரணை வீதியில் ஏறினால்தான் தொடங்கும்.

அந்த வீதியை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய முறைப்பாடு என்று விளங்கும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் பெரும்பகுதி காடு. பொழுது சாய்ந்தால் யானை வீதிக்கு வரும். அளுத் ஓயாப் பக்கம் மாலை ஆறு மணிக்குப் பிறகு, கிக்கர் இல்லாத ஒரு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்க யாருக்கு மனம் வரும்?

வண்டி என் மாமா மகனுடையது. யமஹா விராகோ 250. 1988இல் வெளிவரத் தொடங்கிய மாதிரி; இது தொண்ணூறுகளில் ஜப்பானில் ஓடி, பிறகு இங்கே வந்தது. 60 பாகை வி வடிவ இரட்டைச் சிலிண்டர், ஒவ்வொன்றும் 49 மில்லிமீற்றர் விட்டம், 66 மில்லிமீற்றர் வீச்சு, இரண்டுக்கும் பொதுவாக ஒரே காபரேற்றர், காற்றில் குளிரும் எஞ்சின், பின்சில்லுக்குச் செயின். இருக்கை தாழ்வு, ஓட்டுபவர் நிமிர்ந்து இருக்கலாம், மணிக்கு 80 கிலோமீற்றரில் களைக்காமல் போகும். அந்தக் காலத்து வண்டிகளில் தூரம் போக இதைவிட இலகுவானது கிடைப்பது கடினம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் திரும்பத் திறக்கப்படும்வரை இருந்த ஐந்து ஆண்டுகளில் இப்படிப்பட்ட பழைய வண்டிகளின் விலையும் ஏறியது, உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. விற்றுவிட்டுப் புதிது வாங்கலாம் என்ற பேச்சு அவனிடம் வரவே இல்லை.

நான் மெக்கானிக் அல்ல. கட்டடங்களுக்கு வயரிங் செய்பவன். எஞ்சினைப் பிரிக்கச் சொன்னால் தயங்குவேன்; மின் எங்கே போய் எங்கே தொலைகிறது என்று தேடச் சொன்னால் சந்தோசமாகப் போவேன். இந்த வண்டி என் கைக்கு வந்த வேளையில் அதற்கு ஏற்கெனவே நல்ல செலவு நடந்திருந்தது.

கராஜில் நடந்தது

முதலில் சிலிண்டருக்குள் பொறி கொடுக்கும் பிளக் இரண்டும் மாற்றினார்கள். வழியில் நிற்பது தீரவில்லை. பிறகு பற்றரி மாற்றினார்கள். புதுப் பற்றரியோடு முன்பைவிடக் கூடுதல் தூரம் ஓடியது. ஆகவே எல்லாரும் பற்றரிதான் காரணம் என்று மகிழ்ந்தார்கள். சில வாரத்தில் அதே கந்தளாய், அதே நோய். அடுத்ததாக, பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் இக்னிஷன் கொயில் சூடேறிச் செயலிழக்கிறது என்று முடிவாகி, கொழும்பில் கொயில் தேடத் தொடங்கியிருந்தார்கள்.

கொயில் என்ற முடிவைக் கேலி செய்யமுடியாது. பழைய கொயிலுக்குள் சுற்றிய மெல்லிய கம்பி சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்து, ஆறியதும் மறுபடி சேர்வது உண்மையில் நடப்பதுதான். பொறி விழவேண்டிய நேரத்தைச் சொல்லும் பிக்கப் கொயிலுக்கும் அந்தக் குணம் உண்டு. 'சூடானால் நிற்கும், ஆறினால் பிடிக்கும்' என்று சொன்னால் அனுபவமுள்ள எந்த மெக்கானிக் பாஸும் முதலில் அதைத்தான் நினைப்பார். சார்ஜ் ஏறுகிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள். எஞ்சினை இயக்கிப் பற்றரியில் மீற்றர் வைத்ததில் 13 வோல்ற்றுக்குச் சற்று மேலே காட்டியது. 'கொஞ்சம் குறைவு, ஆனால் ஏறுது' என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு உறுத்தியது அந்தப் புதுப் பற்றரி. கொயில்தான் காரணம் என்றால், பற்றரி மாற்றியதும் ஏன் தூரம் கூடியது? கொயிலின் சூட்டுக்குப் பற்றரியின் வயது தெரியாதே.

மீற்றரை எடுப்பதற்கு முன் மச்சானிடம் கேட்டேன்.

"நிக்கிறதுக்கு முதல் சிக்னல் எப்பிடி அடிச்சது?"

"மெதுவா அடிச்சது. சில நேரம் எரிஞ்சபடியே நிக்கும். அதுக்கும் இதுக்கும் என்ன மச்சான்?"

"ஹோர்ன்?"

"தொண்டை கட்டின மாதிரி."

"பகல்லயா இரவிலயா கெதியா நிக்குது?"

யோசித்தான். இரவில்தான். பகலில் ஹபரணைவரை போய்ச் சேர்ந்த நாளும் உண்டு. இரவில் கந்தளாயைத் தாண்டுவதே கஷ்டம்.

இரவில் காற்று குளிர். கொயில் சூடேறுவதென்றால் பகலில்தான் முதலில் நிற்கவேண்டும். இரவில் கூடுவது சூடல்ல, ஹெட்லைற். இந்த வண்டியின் ஹெட்லைற் 60/55 வாற். இக்னிஷனும் பற்றரி மின்னை வைத்துத்தான் பொறி கொடுக்கிறது. மின்னழுத்தம் விழுந்தால் பொறி மெலியும், எஞ்சின் தும்மும், பிறகு நிற்கும். சிக்னலும் ஹோர்னும் சொன்னது இதைத்தான். அவனிடம் கேட்ட மூன்று கேள்விக்குச் செலவு ஒன்றுமில்லை. அவனிடம் அதற்கு முன் யாரும் கேட்கவும் இல்லை.

முற்றத்தில் செய்த அளவைகள்

தேவைப்பட்டது ஒரு டிஜிற்றல் மல்ரிமீற்றர். சாதாரண மீற்றரின் விலை ஒரு ரயரின் விலையைவிட எவ்வளவோ குறைவு. இக்னிஷன் வயருக்குப் பக்கத்தில் அதன் கம்பிகளை விடக்கூடாது, கண்டபடி எண் குதிக்கும். எஞ்சினை இயக்கும் வேலை எல்லாம் வெளியில்தான். கொட்டிலுக்குள் புகை தங்கினால் ஆளுக்கு ஆபத்து. நின்ற இடத்தில் நெடுநேரம் இயக்குவதானால் முன்னால் ஒரு ஸ்டாண்ட் பான் வைக்கவேண்டும், காற்றில் குளிரும் எஞ்சின் அல்லவா.

பற்றரியை ஓர் இரவு சார்ஜில் போட்டு, எடுத்துச் சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தேன். 12.7 வோல்ற். நல்ல ஈயப் பற்றரி முழுதாக நிறைந்தால் 12.6க்கு மேலே நிற்கும், 12.2 என்றால் பாதி. செல்ஃப் ஸ்டார்ட்டர் அடிக்கும்போது 10.6 வரை இறங்கியது. 9.6க்குக் கீழே போனால்தான் பற்றரியைச் சந்தேகிக்கவேண்டும். திறப்பை எடுத்துவிட்டு ஏதாவது களவாக மின் குடிக்கிறதா என்று எதிர் முனையில் தொடராக மீற்றரை வைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அந்த நிலையில் மறந்தும் செல்ஃபை அழுத்தக்கூடாது, மீற்றரின் பியூஸ் போய்விடும். பற்றரி கணக்கிலிருந்து நீங்கியது.

அடுத்து ஸ்டேற்றர், அதாவது எஞ்சின் சுழலும்போது மின் உண்டாக்கும் கம்பிச் சுருள். எஞ்சினை நிறுத்தி, அதிலிருந்து வரும் மூன்று வயர்களின் கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்ரிக் கூட்டை, கழற்றினேன். இரண்டிரண்டாக ஓம் அளவு: மூன்று சோடியும் ஒரே அளவு, ஒரு ஓமுக்குக் கீழே. எந்த வயரும் எஞ்சின் உடலோடு தொடவில்லை. பிறகு கப்ளர் கழன்றபடியே எஞ்சினை இயக்கி, ஆடலோட்ட (ஏசி) வோல்ற்றை அளந்தேன். வேகம் கூட்டக் கூட்ட மூன்று சோடியும் ஒன்றுக்கொன்று விலகாமல் சேர்ந்தே ஏறின. அந்த முனைகளில் பல பத்து வோல்ற் ஓடுகிறது, கை படக்கூடாது. ஸ்டேற்றர் நல்லது. மூன்றில் ஒன்று பின்தங்கியிருந்தால் கதை வேறு. அந்த வேலைக்கு எஞ்சின் பக்க மூடியைத் திறக்கவேண்டி வந்திருக்கும்.

கப்ளரைப் பூட்டி, ஹெட்லைற்றைப் போட்டு, எஞ்சினை நடுத்தர வேகத்தில் வைத்துப் பற்றரியில் அளந்தால் 13.3. இந்த வண்டிக்கு 14ஐ ஒட்டி இருக்கவேண்டும். 13.3 அரைகுறையான எண். அதை வைத்து ஒருவரையும் குற்றம் சொல்லமுடியாது. ஆனால் இது எஞ்சின் இயங்கி இரண்டு நிமிடத்தில் எடுத்த எண். வண்டி நிற்பது ஒரு மணி நேரம் ஓடிய பிறகு. முற்றத்தில் நின்றுகொண்டு கந்தளாய் நோயைப் பிடிக்க முடியாது.

குச்சவெளி வீதியில் மீற்றரோடு

பற்றரியின் இரண்டு முனையிலிருந்தும் நீளமான வயர் இழுத்து, பற்றரிக்கு அருகே சிறு பியூஸ் ஒன்றும் போட்டு, மீற்றரைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். இன்னொரு மீற்றர், ஸ்டேற்றரின் மின்னை நேரோட்டமாக்கி அளவாகப் பற்றரிக்கு அனுப்பும் றெகுலேற்றரின் வெளிவயரிலும் அதன் எர்த்திலும். மச்சான் ஓட்டினான். உப்புவெளியிலிருந்து வடக்கே, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி. பகலிலும் ஹெட்லைற் எரிந்தபடி.

புறப்படும்போது பற்றரியில் 13.3. நிலாவெளியில் 12.9. இறக்கக்கண்டிப் பாலத்துக்குப் பிறகு 12.6. குச்சவெளியில் திரும்பும்போது 12.3. இவ்வளவு நேரமும் றெகுலேற்றரின் வாயில் 14.2, ஆடவில்லை, அசையவில்லை.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது வேலை பாதி முடிந்துவிட்டது. றெகுலேற்றர் தன் வாயில் 14.2 இருப்பதைப் பார்த்து, 'போதும்' என்று திருப்தியாக இருக்கிறது. பற்றரிக்கு வந்து சேர்வதோ 12.3. வழியில் 1.9 வோல்ற் யாரோ தின்கிறார்கள். சூடு ஏற ஏறத் தின்னும் அளவும் கூடுகிறது.

வீதியோரம் நிறுத்தி, எஞ்சினை இயங்கவிட்டபடி, வழியைத் துண்டு துண்டாக அளந்தோம். முறை இலகு: மீற்றரை நேரோட்ட (டிசி) வோல்ற்றில் வைத்து, ஒரு முனையை வழியின் தொடக்கத்திலும் மற்றதை முடிவிலும் வைப்பது. நல்ல வயரில் கிட்டத்தட்டப் பூச்சியம் காட்டவேண்டும். றெகுலேற்றரின் சிவப்பு வயரிலிருந்து பற்றரியின் நேர் முனைவரை 1.6. எர்த் பக்கம் 0.3. அந்த 1.6க்குள் பக்க மூடியின் உள்ளே இருக்கும் ஒரு கப்ளர் மட்டும் 1.1, பிரதான பியூஸ் கூடு 0.4, மிச்சம் வயரில் 0.1.

கப்ளரைத் தொட்டேன், கையை எடுத்துவிட்டேன். அவ்வளவு சூடு.

கணக்கும் பொருந்தியது. ஹெட்லைற், பின்விளக்கு, மீற்றர் விளக்குகள், இக்னிஷன் எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 7 அம்பியர் அந்த வழியால் போகிறது. 1.1 வோல்ற்றை 7ஆல் பெருக்கினால் 7.7 வாற். பார்க்கிங் பல்ப் ஒன்று 5 வாற்தான். அதைவிடக் கூடிய சூடு, விரல்நகம் அளவுப் பித்தளை முனை ஒன்றுக்குள். சூடேறினால் முனையின் பிடி தளரும். பிடி தளர்ந்தால் தடை கூடும். தடை கூடினால் இன்னும் சூடேறும். பற்றரி தன் கையிருப்பைக் கொடுத்துக் கொடுத்து வற்றும். கடைசியில் பொறி மெலிந்து எஞ்சின் நிற்கும். இருபது நிமிடம் விட்டால் கப்ளர் ஆறும், பற்றரியும் கொஞ்சம் மூச்சு வாங்கும், செல்ஃப் பிடிக்கும். 'சூடானால் நிற்கும், ஆறினால் பிடிக்கும்' என்பது உண்மைதான். சூடானது கொயில் அல்ல. புதுப் பற்றரி ஏன் கூடுதல் தூரம் போனது என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது: அதன் கையிருப்பு அதிகம்.

இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். அந்தக் கப்ளரைக் கராஜிலும் சோதித்திருக்கிறார்கள். மீற்றரைப் பீப் சத்தத்தில் வைத்து, இந்த முனை, அந்த முனை, பீப், 'தொடர்பு இருக்கு'. பீப் சத்தம் பல மீற்றர்களில் சில பத்து ஓம் தடை இருந்தாலும் கேட்கும். இங்கே நோய் செய்தது 0.16 ஓம். மீற்றரின் சொந்தக் கம்பிகளுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும். ஓம் அளவில் வைத்தாலும் இந்தக் களவு தெரியாது. மீற்றர் சோதிக்க அனுப்புவது மிகச் சிறிய மின். அந்த அளவுக்கு அழுகிய கப்ளரும் நல்ல பிள்ளையாக வழிவிடும். 7 அம்பியர் போகும்போதுதான் அதன் குணம் தெரியும். வீட்டு வயரிங்கிலும் இதைத்தான் பார்க்கிறேன்: பீப் அடிக்கும் பிளக் பொயின்ற், இஸ்திரிப்பெட்டியைப் போட்டதும் கருகும். பழைய வண்டியில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்ற் இழப்பை அளக்காமல் ஒரு பாகமும் வாங்கவேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

கப்ளருக்குள் இருந்தது

பற்றரியின் எதிர் முனையை முதலில் கழற்றிவிட்டு, கப்ளரைப் பிரித்தோம். வெள்ளைப் பிளாஸ்ரிக் ஒரு பக்கம் பிஸ்கற் நிறமாகி, ஒரு முனையைச் சுற்றி உருகியிருந்தது. முனையில் பச்சைக் களிம்பு. அதை உரஞ்சித் துடைத்துப் பூட்டிவிட்டால் பிரச்சினை தீரும் என்று மச்சான் நினைத்தான். வயரின் உறையைக் கீறிக் காட்டினேன். வெளியில் சிவப்பு உறை புதிதுபோல. உள்ளே செம்பு கறுத்து, பொடியாக உதிர்ந்தது. வெளியில் ஒரு கீறலும் இல்லாத மாங்காயை வெட்டினால் உள்ளே வண்டு இருப்பதுபோல. ஒரு சாண் தூரம் வெட்டிக்கொண்டு போன பிறகுதான் மினுங்கும் செம்பு தெரிந்தது.

இது கடலின் வேலை. வண்டி நிற்பது உப்புவெளியில், கடலுக்கு நடந்து போகும் தூரத்தில், மூன்று பக்கம் திறந்த தகரக் கொட்டிலில். ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை வாடை மழையும் கடல் ஈரமும். அதற்குப் பிறகு தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் எல்லாம் காய்ந்து, உப்பு மட்டும் மிஞ்சும். அடுத்த மழையில் அந்த உப்பு திரும்ப ஈரமாகும். ஈர உப்பு கப்ளருக்குள் நுழைந்தால், செம்பு இழைகளுக்கு இடையில் உள்ள நுண்ணிய வெளி வழியாக உறைக்குள்ளேயே மேலே ஏறும். கண்டியில் இதே வண்டி இந்த நோயோடு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

திருத்தம் ஒரு பின்னேர வேலை. கெட்ட வயரை வெட்டி எறிந்து, 2.5 சதுர மில்லிமீற்றர் பல்லிழை வயர் புதிதாக இணைத்தோம். ஈயம் பற்றவைப்பதா, முனையை அழுத்திப் பிடிப்பதா என்று எப்போதும் ஒரு தர்க்கம் உண்டு. அதிர்வு உள்ள இடத்தில் நான் அழுத்திப் பிடிப்பவன். ஈயம் இழைகளுக்குள் ஊறி, வயரை அந்த இடத்தில் விறைப்பாக்கும். அதிர அதிர அந்த விளிம்பிலேயே முறியும். ஆனால் அழுத்துவதற்குச் சரியான குறடு வேண்டும், சாதாரண பிளையரால் நசுக்குவது திருத்தம் ஆகாது. உள்ளே பசை வைத்த சூட்டுக் குழாயை மேலே சுருக்கி, புதுக் கப்ளருக்குள் வாசலின் பூசிப் பூட்டினோம். பியூஸ் கூட்டின் கிளிப் தன் வில்விசையை இழந்திருந்தது. அதற்குப் பதிலாக இறப்பர் மூடி போட்ட தட்டைப் பியூஸ் கூடு. பற்றரியின் எர்த் வயர் எஞ்சினில் பூட்டும் இடத்தில் பெயின்ற்றும் துருவும் கலந்து கிடந்தது. சுரண்டி, மினுக்கி, பூட்டி, மேலே கிறீஸ்.

திரும்ப அதே குச்சவெளி ஓட்டம், அதே இரண்டு மீற்றர். றெகுலேற்றரில் 14.2. பற்றரியில் புறப்படும்போது 14.0, திரும்பும்போதும் 14.0. கொழும்பில் தேடிய கொயிலுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். றெகுலேற்றரையும் மாற்றவில்லை, இப்படிப்பட்ட முறைப்பாட்டில் கொயிலுக்கு அடுத்ததாக அநியாயமாகப் பழி ஏற்பது அதுதான்.

இரண்டாவது நோய்

இங்கே கதை முடிந்திருக்கலாம். மச்சான் ஹபரணைக்குப் போய்த் திரும்பினான். நிற்கவில்லை, ஆனால் திரும்பும் வழியில் வேகமாக நெடுநேரம் பிடித்தபோது இரண்டு தடவை பின்னால் இழுத்ததுபோல வலு விழுந்து, வேகத்தைக் குறைத்ததும் சரியாகிவிட்டதாம்.

"லைற்?"

"நல்லாத்தான் எரிஞ்சது. ஹோர்னும் சத்தம்."

அப்படியென்றால் மின் அல்ல. மின் விழும்போது விளக்கு மங்கும், பொறி துண்டு துண்டாக அறும், வண்டி உதறும். பெற்றோல் வற்றும்போது விளக்குகள் நன்றாக எரியும். எஞ்சின் உதறாமல் மெல்ல மெல்லச் சோர்ந்து போகும். ஓட்டுபவர் இந்த வித்தியாசத்தைக் கவனித்துச் சொன்னால் தேடும் வேலை பாதியாகும். முதல் நோய் இவ்வளவு காலமும் இரண்டாவதை மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. பழைய வண்டியில் இது வழமை. ஒரு திருத்தத்துக்குப் பிறகு கொஞ்சம் குறை மிஞ்சினால், செய்த திருத்தம் பிழை என்று உடனே முடிவெடுக்கக்கூடாது.

பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறக்கச் சொன்னேன். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டது. மூடியில் காற்றுக்கென்று ஒரு சிறு துவாரம் உண்டு. அது அடைத்தால் பெற்றோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, காபரேற்றருக்கு வரும் ஓட்டம் மெலியும். ஊருக்குள் மெல்ல ஓடும்போது தெரியாது. உறுதிப்படுத்த, வெளியில், அடுப்பும் சிகரெற்றும் இல்லாத இடத்தில், பெற்றோல் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டோம். மூடி பூட்டியபடி: முதலில் கட்டியான தாரை, சிறிது நேரத்தில் நூல், பிறகு சொட்டு. மூடியைத் திறந்ததும் மறுபடி தாரை.

துவாரத்தை அடைத்திருந்தது துரு. தாங்கிக்குள் ரோர்ச் அடித்தால் மேல் பாதி முழுக்கச் செம்மண் நிறம், கீழ்ப் பாதி ஓரளவு சுத்தம். கோடு போட்டதுபோல. இதன் காரணத்தை ஊகிக்கத் தேவையில்லை. 2022இல் நாடு முழுக்க எரிபொருள் வரிசை. அந்த ஜூலையில் கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாகப் பெற்றோல் வாங்கும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். இந்த வண்டியின் தாங்கி 9.5 லீற்றர். சீனக்குடாவில் பெரிய எண்ணெய்த் தாங்கிகளைத் தினமும் பார்த்துக்கொண்டு போகும் ஊரில், இந்தத் தாங்கி மாதக்கணக்காகப் பாதிக்கு மேல் நிறைந்ததில்லை. மேல் பாதியில் வெறும் இரும்பும் கடல் ஈரமும். பகலில் சூடு, இரவில் குளிர். உள்சுவரில் நீர் வியர்க்கும். அதே காரணத்தால் துருப்பிடித்த தாங்கியோடு இன்னும் ஓடும் வண்டிகள் ஊரில் நிறையவே இருக்கும்.

தாங்கியைக் கழற்றி, பெற்றோலை வடித்து, பல தடவை கழுவி, சிற்றிக் அமிலத் தூளை வெந்நீரில் கரைத்து நிரப்பி ஓர் இரவு விட்டோம். காலையில் ஊற்றினால் தேயிலைச் சாயம் மாதிரி வந்தது. பிறகு அப்பச்சோடா கரைத்த நீரால் மிஞ்சிய அமிலத்தை முறித்து, நல்ல நீரால் அலசி, வெயிலில் வைத்து, காய்ந்த கையோடு பெற்றோலில் கொஞ்சம் டூ ஸ்ரோக் ஒயில் கலந்து உள்ளே சுழற்றினோம். காயவைத்துவிட்டுச் சும்மா விட்டால் வெறும் இரும்பு அன்று பின்னேரமே பழுப்பாகத் தொடங்கும். மூடியைப் பிரித்துத் துவாரத்தை ஊதி, மெல்லிய நைலோன் இழையால் சுத்தப்படுத்தினோம். காபரேற்றரின் கிண்ணத்தில் பழுப்புப் பொடி இருந்தது. பெற்றோலை அளவாக விடும் சிறு துவாரமுள்ள ஜெற்றுகளைக் கழற்றி ஸ்பிரே அடித்தோம். கம்பியால் குத்தக்கூடாது, பித்தளைத் துவாரம் அகன்றுவிடும். குழாயில் ஒரு சிறு பில்ரர். ஈர்ப்பில் இறங்கும் பெற்றோலுக்கு ஏற்ற தடை குறைந்த பில்ரராகப் பார்த்து வாங்கவேண்டும். பம்ப் உள்ள வாகனத்துக்கானதைப் போட்டால் இந்த நோயைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியதாக ஆகும்.

இதற்குப் பிறகு அவன் கொண்ட ஒழுங்கு

பெரிதாக ஒன்றுமில்லை. வாடை தொடங்குமுன் எல்லாக் கப்ளரையும் திறந்து பார்த்து வாசலின் பூசுவது. தாங்கியை நிறைத்தே நிறுத்துவது. மாதம் ஒரு தடவை ஹெட்லைற் எரிய அரை மணி நேரம் ஓடிவந்து, எஞ்சின் இயங்கியபடி பற்றரியில் அளந்து, சுவரில் தொங்கும் கலண்டரில் அந்தத் திகதிக் கட்டத்துக்குள் எண்ணை எழுதுவது. இந்தக் கடைசி வேலையைத்தான் நான் வற்புறுத்தினேன். ஒரு தனி எண் ஒன்றும் சொல்லாது, 14.0, 14.0, 13.8, 13.5 என்று இறங்கி வந்தால் கந்தளாயில் நிற்பதற்கு முன்பே சேதி வந்துவிடும்.

கழுவுவது பற்றி ஒரு விசயம். கடலோர ஓட்டத்துக்குப் பிறகு வண்டியைக் கழுவத்தான் வேண்டும், ஆனால் கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். அதால் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதுதான். குழாய்த் தண்ணீர் போதும், அதுவும் தாரையாக அடிக்காமல். மூடிவைக்கப் பொலித்தீன் உறை வேண்டாம்; உள்ளே வியர்க்கும். பழைய பெட்சீற் நல்லது.

மற்றவை எந்தப் பழைய வண்டிக்கும் பொது. செயினைத் துடைத்து ஒயில் விடுவது, முன் டிஸ்க் பிறேக்கின் திரவத்தை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது, பின் டிரம்மைத் திறந்து தூசி தட்டுவது, கம்பிச் சில்லின் கம்பிகளைத் தட்டிப் பார்த்துத் தளர்ந்ததைப் பிடிப்பது. ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தை மட்டும் பார்க்கச் சொல்வேன்: 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். தரையில் படும் பட்டன் தேயாமல் இருக்கிறது என்று பத்து வருட ரயரில் மழைக்கால ஹபரணை வீதியில் போகக்கூடாது. இவனுடைய பின்ரயர் அப்படித்தான் இருந்தது. மாற்றியாயிற்று.

வாடை முழுக்க வண்டி ஓடியது. கலண்டரில் எண்கள் 13.9க்குக் கீழே இறங்கவில்லை. அந்தப் புதுக் கப்ளர் நெடுந்தூரத்துக்குப் பிறகும் தொட்டால் வெதுவெதுப்புத்தான். அதன் குறுக்கே இழப்பு 0.1க்குள். ஸ்டேற்றரின் மூன்று வயர் வரும் கப்ளரில் ஒரு முனை மட்டும் இலேசாக நிறம் மாறத் தொடங்கியிருக்கிறது. ஆடலோட்டத்தில் வைத்து மூன்று முனையிலும் இழப்பை அளந்தோம். அந்த ஒன்று மற்ற இரண்டையும்விட இரு மடங்கு. கச்சான் தொடங்குமுன் அதையும் வெட்டி, மூன்று முனையும் புதிதாகப் போடுவதாக இருக்கிறோம். முனைகளும் சூட்டுக் குழாயும் வாங்கிவைத்தாயிற்று.